ஏற்காட்டுக் குளிரில் வண்டியைச் சீக்கிரம் சூடாக்க நான் கண்ட வழி

கார்த்திகை பாதி தாண்டிவிட்டால் ஏற்காட்டில் விடியற்காலை எந்தத் தெருவில் நின்று காது கொடுத்தாலும் ஒரே சத்தம்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் உறும விட்டுவிட்டு ஆள் உள்ளே போய்க் காபி குடித்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம், சில வீடுகளில் கால் மணி நேரம்கூட. கேட்டால் "என்ஜின் சூடாகட்டும்" என்பார்கள். இந்த மலையிலேயே பிறந்து, அப்பாவின் ஜீப், அப்புறம் ஒரு டீசல் பிக்கப், இப்போது ஒரு பெட்ரோல் கார் என்று மூன்றையும் இந்தக் குளிரில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடத்தில் வண்டி உருப்படியாகச் சூடாவதில்லை. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போதும். அதற்கு மேல் சூடு ஏற வேண்டுமானால் வண்டி நகர வேண்டும். மெதுவாகத்தான், ஆனால் நகர வேண்டும்.

முதலில் நம் குளிர் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. டிசம்பர், ஜனவரி விடியலில் இங்கே 12, 13 டிகிரிக்கு இறங்குவது வழக்கம், சில நாள் அதற்கும் கீழே போகும். டீசல் உறைகிற குளிர் இது இல்லை. கனடா, நார்வே பக்கம் என்ஜினுக்குள்ளேயே ஒரு கரண்ட் ஹீட்டர் பொருத்தி, இரவெல்லாம் பிளக்கில் மாட்டி வைப்பார்கள். நமக்கு அந்த வேலையெல்லாம் தேவையே இல்லை. ஆனால் என்ஜின் நிம்மதியாக ஓடுவது 85, 90 டிகிரியில். 12-லிருந்து அங்கே போய்ச் சேரும் வரைக்கும் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் அதற்குத் தேய்மானம்தான், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். இதில் இன்னொன்று, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம். வருடத்திலேயே வண்டிகளுக்கு அதிக வேலை இருப்பதும், விடியலில் எடுக்க வேண்டியிருப்பதும் சரியாக இந்தக் குளிரில்தான்.

நின்றபடி உறுமினால் ஏன் சூடாகாது? சூடு வருவது எரிபொருள் எரிவதால். சும்மா நிற்கிற என்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ளும் அளவுக்கு மட்டும்தான் எரிக்கும், அதனால் வருகிற சூடும் அவ்வளவுதான். டீசலில் இது இன்னும் மோசம். பெட்ரோல் என்ஜினில் காற்று வருகிற வழியை ஒரு தகடு மூடித் திறக்கும், டீசலில் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. காற்று தாராளமாக உள்ளே போகும், டீசல் மட்டும் துளி அளவு. அந்தத் துளி எரிந்து வருகிற சூட்டை அவ்வளவு குளிர்ந்த காற்றும் சேர்ந்து வெளியே அள்ளிக்கொண்டு போய்விடும். என்னுடைய பழைய பிக்கப்பில் அரை மணி நேரம் நிறுத்தி ஓட விட்டாலும் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் கீழ்க்கோட்டை விட்டு எழுந்து வராது. அதே வண்டியை நாகலூர் சாலையில் மூன்றாவது கியரில் மெல்ல எடுத்துக்கொண்டு போனால் கொஞ்ச தூரத்திலேயே முள் அசையத் தொடங்கிவிடும்.

பெட்ரோல் வண்டியில் வேறு ஒரு கெடுதல் இருக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோலைத் தெளிக்கும். குளிரில் எல்லாப் பெட்ரோலும் ஆவியாகாது என்பதால் அப்படி. ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கே இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலோடு கலக்கும். நீண்ட நேரம் குளிர்ச்சியாகவே ஓட விட்டால் இதுதான் நடந்துகொண்டே இருக்கும். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் நன்றாகச் சூடேறும் வரை வேலை செய்யாது, அதனால் அதுவரை வாசலில் வருகிற புகை விஷப்புகை. ஜெர்மனியில் போக்குவரத்து விதியே காரணமில்லாமல் என்ஜினை ஓட விட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்கிறது. நம்மைவிட எவ்வளவோ குளிர்ந்த ஊர் அது.

அப்பா காலத்து ஆட்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்க கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டியைக் குளிர்ச்சியாக எடுத்தால் முக்கி முக்கி நின்றுவிடும், வழுவழுவென்று ஓட நாலைந்து நிமிடம் பிடிக்கும். ஆயிலும் அப்போது கெட்டியானது. அன்றைக்கு அது சரியான பழக்கம். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. என் மச்சானுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு குளிர்காலம் தேவைப்பட்டது. "மாமா, ஆயில் மேல ஏற வேண்டாமா?" என்பதுதான் அவனுடைய கேள்வி, நல்ல கேள்விதான். ஸ்டார்ட் ஆனதும் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு ஓரிரு விநாடியில் அணைகிறதே, அதற்குள் பம்ப் அழுத்தம் கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். என்ஜினின் உச்சியில் வால்வுகளைத் திறக்கிற கேம் வரைக்கும் நன்றாகப் போய்ச் சேர அரை நிமிடம் கொடுத்தால் தாராளம்.

சரி, நான் காலையில் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சாவியை ஆன் செய்து அப்படியே இரண்டு விநாடி விடுவேன், பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏறட்டும் என்று. டீசலாக இருந்தால் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும், அது ஹீட்டர் பிளக் சூடாகிறது என்பதற்கு அடையாளம், அணையும் வரை செல்ஃப் அடிக்கவே கூடாது. ஹெட்லைட், ஃபேன், பாட்டு எல்லாம் ஆஃபில் இருக்க வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். குளிரில் கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாக இருக்கும், கிளட்சை மிதித்தால் செல்ஃப் மோட்டார் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியதில்லை. ஆக்சிலேட்டரைத் தொட மாட்டேன். ஸ்டார்ட் ஆனதும் இறங்கி, கண்ணாடியில் படிந்த பனியைத் துணியால் துடைப்பேன், டயரைச் சுற்றி ஒரு பார்வை, அவ்வளவுதான், கிளம்பிவிடலாம். ஓடத் தொடங்கியதும் முதல் சில நிமிடத்துக்கு என்ஜின் சுற்று 2,000, மிஞ்சினால் 2,500. அதைத் தாண்ட விடுவதில்லை. ஆனால் நாலாவது கியரில் போட்டு முக்க வைப்பதும் கூடாது. ரேஸ் கொடுத்து வ்ரூம் வ்ரூம் என்று சூடாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும், ஆயில் கெட்டியாக இருக்கிற நேரத்தில் வேகமாகச் சுழற்றுவதைவிட என்ஜினுக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல் வேறு இல்லை, அதிலும் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ இருக்கிற வண்டி என்றால் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றக்கூடியது, அதன் பேரிங்குக்கு ஆயில்தான் எல்லாமே.

முள் நடுவுக்கு வந்துவிட்டது, இனி விரட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். முள் காட்டுவது கூலன்ட்டின், அதாவது என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றுகிற திரவத்தின் சூட்டை. ஆயில் சூடாக அதைப் போல இரண்டு மடங்கு நேரம்கூட ஆகும். இப்போது நிறைய சின்ன கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கு ஒன்று எரிந்து அணையும். நீலம் அணைந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் பொறுமையாகப் போவது நல்லது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். ஏற்காட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாம் குளிர்ந்த என்ஜினோடு கிளம்பி, கொஞ்ச நேரத்தில் இறக்கத்தில் இறங்குகிறோம். சேலத்துக்காரருக்கு இது தலைகீழ். அஸ்தம்பட்டியில் எடுத்த வண்டி கோரிமேடு தாண்டி அடிவாரம் வருவதற்குள் நன்றாகச் சூடாகியிருக்கும், அப்புறம்தான் ஏற்றம். நமக்கோ 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கம். கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது, இன்றைய என்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றுகிறது. மைலேஜுக்கு நல்லது, ஆனால் எரிய ஒன்றும் இல்லாவிட்டால் சூடு எங்கிருந்து வரும்? பாதி சூடான என்ஜின் இறக்கத்தில் மறுபடி ஆறத் தொடங்கும். ஏறியிருந்த முள் வளைவுகளில் இறங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்காக நியூட்ரலில் போட்டு இறங்கலாமா என்றால், வேண்டவே வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது கியரின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. என்ஜினையே ஆஃப் செய்துவிட்டு உருட்டினால் பவர் பிரேக், பவர் ஸ்டீயரிங் இரண்டும் கை விட்டுவிடும். என்ஜின் கொஞ்சம் ஆறினால் ஆறட்டும், கியரிலேயே இறங்குங்கள். அதற்குப் பதிலாக நான் செய்வது, இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஊருக்குள் இருக்கிற மேடு பள்ளச் சாலையிலேயே என்ஜினுக்கு வேலை கொடுத்துச் சூட்டை ஏற்றிக்கொள்வது. பெட்ரோல் போடுவது, பால் வாங்குவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடுவது இந்த மாதிரி வேலைகளை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மலை இறங்கினால், முதல் வளைவுக்கு வரும்போது வண்டி தயாராக இருக்கும். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டிக்குப் பிரேக் டிஸ்க்கில் ஈரமும் மெல்லிய துருவும் படிந்திருக்கும், அதையும் சமதளத்திலேயே இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்த்துக் காய வைத்துவிட வேண்டும். கீழே அடிவாரத்துக்கு வந்த பிறகு வண்டி சூடாக இருக்கிறது என்று நினைத்து சேலம் சாலையில் உடனே மிதித்துவிடாதீர்கள், முள்ளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் நிதானமாகப் போங்கள்.

எஸ்டேட்டுக்குள் பள்ளத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். வாசலை விட்டால் செங்குத்தான மண் பாதை, முதல் கியரில் முழு பலத்தோடு ஏற வேண்டும், வண்டியில் ஆட்களோ மூட்டையோ வேறு இருக்கும். அங்கே அரை நிமிடம் போதாது. இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு, அப்புறம் முதல் கியரில், டர்போ விசிலடிக்க விடாமல், ஒரே சீராக ஏற்றுங்கள். முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை மேட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுவது அதைவிட நல்லது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் வண்டி சூடாகவே மாட்டேன் என்கிறதா? தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற வழியில் உட்கார்ந்திருக்கும் சின்ன வால்வு அது. குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், கூலன்ட் என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். 82, 88 டிகிரி, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், அந்தச் சூடு வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். உள்ளே இருக்கிற மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் தள்ளுகிறது, கரண்ட் எதுவும் தேவையில்லை. அருமையான வேலைப்பாடு. நம் பக்கத்துப் பட்டறைகளில் பல பேர் செய்கிற வேலை, வண்டி மலையில் ஹீட் ஆகிறது என்று கொண்டு போனால் முதலில் இந்த வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க" என்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா ஒருவர், காப்பி மூட்டையும் மிளகும் ஏற்றுகிற பழைய பிக்கப் வைத்திருக்கிறார். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போட்டாலும் வெறும் குளிர்ந்த காற்றுதான் வரும், மைலேஜ் குறைந்துகொண்டே போனது. ஒருநாள் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளே தயிர் ஆடை மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கீழே ஒரு பட்டறையில் காட்டியதற்கு, தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று பெரிய தொகையைச் சொல்லிவிட்டார்கள். அவர் மனம் உடைந்து வந்து என்னிடம் சொன்னார். "அண்ணா, கூலன்ட் குறையுதா?" என்று கேட்டேன். இல்லை, பல மாதமாக அதே அளவில் நிற்கிறது. "புகை வெள்ளையா அடர்த்தியா வந்துக்கிட்டே இருக்கா?" அதுவும் இல்லை, காலையில் கொஞ்ச நேரம் மட்டும், அது குளிரில் எல்லா வண்டிக்கும் வருகிற நீராவிதான். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் கேஸ்கட் இல்லை. என்ஜின் சூடே ஆகாமல், எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் நடுவே சின்னச் சின்ன தூரம் ஓடி ஓடி, உள்ளே காற்றிலிருந்த ஈரமும் எரிபொருள் எரிந்து உண்டான நீராவியும் மூடியில் குளிர்ந்து படிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது. வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, வால்வு இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால், கூடு மட்டும் இருக்கிறது, உள்ளே வால்வு இல்லை. எப்போதோ யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். புது வால்வு போட்டு, ஆயில் மாற்றினார். ஹெட்டை இறக்கக் கேட்ட பணத்தில் ஒரு சிறு பங்குதான் செலவு. இப்போது ஹீட்டரில் சூடான காற்று வருகிறது, மூடியில் படிவதும் நின்றுவிட்டது.

இருக்கிறதா இல்லையா என்று கழற்றாமலே பார்க்க ஒரு வழி உண்டு. இரவு முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகிற தடித்த ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாமல். பெரும்பாலான வண்டிகளில் வால்வு நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்துவிட்டு, வால்வு திறந்ததும் சட்டென்று கொதிக்கும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிய வால்வைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைக்கலாம். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் வால்வு திறக்கிற சூடு அதற்கும் கீழே என்பதால் சோதனை இங்கேயும் சரியாகவே நடக்கும். கொதி வருவதற்கு முன்பே வால்வு வாய் பிளக்க வேண்டும்.

மலையில் ஹீட் ஆகிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பு படிந்திருக்கும், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், பம்ப் தேய்ந்திருக்கும், மூடியின் ரப்பர் போயிருக்கும். அதைச் சரி செய்யாமல் வால்வை எடுப்பது நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைப்பது போல. சில என்ஜின்களில் வால்வை எடுத்தால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, முன்னைவிட அதிகமாகவே ஹீட் ஆகும். வால்வு இல்லாத வண்டியில் கம்ப்யூட்டர் என்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே நினைத்துக் கூடுதல் எரிபொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் போவது அதனால்தான். அடுத்த முறை கூலன்ட் மாற்றும்போது "வால்வு இருக்குங்களா, காட்டுங்க" என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிடுங்கள். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

கண்ணாடியில் உள்பக்கம் மூடுகிற பனிக்கு வருகிறேன், இறக்கத்தில் இதுதான் அதிகம் பயமுறுத்தும். என்ஜின் சூடாகும் வரை ஹீட்டரில் சூடான காற்று வராது, முன்கூட்டியே ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் இருக்கிற கொஞ்சம் சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். ஆனால் கண்ணாடி மறைக்கிறது என்றால் என்ஜின் சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணாடியை முதலில் பாருங்கள். ஏசியை ஆன் செய்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைக்க வேண்டும். குளிரில் ஏசியா என்று கேட்பார்கள். ஏசி காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அதுதான் நமக்கு வேண்டும். உள்காற்றே சுற்றுகிற மாதிரி வைத்தால் நாலு பேர் மூச்சும் சேர்ந்து இன்னும் மூடும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைப்பது வேண்டாம், ஏற்கெனவே சின்னக் கீறல் இருந்தால் அது நீளமாக ஓடிவிடும்.

பேட்டரி சேலத்தில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும், மேலே ஒரு இரவு தங்கினால் காலையில் டிக் டிக் என்று நின்றுவிடும். சுற்றுலா வருகிறவர்கள் பல பேர் இப்படி மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். குளிரில் பேட்டரியின் பலம் குறைகிறது, கெட்டியான ஆயிலால் செல்ஃபுக்கு வேலையும் கூடுகிறது, வயதான பேட்டரி அந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் அரை நிமிடம் விட்டு விட்டு அடிக்க வேண்டும். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது இங்கே எல்லோருக்கும் கைவந்த கலை, ஆனால் கம்ப்யூட்டர் கணக்கிட்டு எரிபொருளைத் தெளிக்கிற இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்டே இருக்காது, எவ்வளவு உருட்டினாலும் எடுக்காது, என்ஜின் எடுக்காத வண்டியோடு இறக்கத்தில் போய்க்கொண்டிருப்பதுதான் மிச்சம். ஜம்பர் ஒயர் ஒன்றை வண்டியில் போட்டு வையுங்கள்.

ஆயிலைப் பொறுத்தவரை டப்பாவில் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றெல்லாம் போட்டிருப்பதில், டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் எவ்வளவு இளகலாக ஓடும் என்பதைச் சொல்வது. எண் சின்னதாக இருந்தால் காலையில் சீக்கிரம் மேலே ஏறும். கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதைப் போடுங்கள், இரண்டு வகை அனுமதித்திருந்தால் மலையில் இருப்பவர்கள் சின்ன எண்ணை எடுக்கலாம். கடைக்காரர் கையில் இருக்கிறதே என்பதற்காகக் கெட்டி ஆயிலை வாங்கி ஊற்ற வேண்டாம்.

பைக்கில் வருபவர்களுக்குக் கொஞ்சம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷன், சோக் கிடையாது, ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பலாம். பழைய ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல் மாதிரி வண்டிகளில் சாவியை ஆன் செய்யாமல், சோக்கை இழுத்து வைத்து, இரண்டு மூன்று முறை கிக்கரை மெதுவாக மிதித்துவிட்டு, அப்புறம் சாவியைப் போட்டு ஓங்கி ஒரு மிதி. எடுத்ததும் சோக்கைப் பாதி, ஒரு நிமிடத்தில் முழுக்க உள்ளே தள்ளிவிட வேண்டும். மறந்துபோய்ச் சோக்கோடேயே ஓட்டினால் பிளக் கரி பிடித்து வழியில் நிற்கும். டயரும் குளிர்ந்துதான் இருக்கும், வளைவுகளில் பனி ஈரத்தோடு சில்வர் ஓக் இலை கிடக்கும், முதல் சில வளைவில் வண்டியைச் சாய்க்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழைக்கும் குளிருக்கும் பயந்து மலையில் வண்டி ஷெட்டை நாலு பக்கமும் தகரம் அடித்து மூடி வைத்திருப்போம், பல வீடுகளில் அதை ஒட்டியே படுக்கையறை ஜன்னல். அதற்குள் வண்டியை ஓட விட்டால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஷெட் கதவு திறந்திருந்தாலும் போதாது. முதலில் வண்டியை வெளியே எடுங்கள், அப்புறம் துடையுங்கள்.

சங்ககிரி பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், என் அப்பாவுக்குப் பழக்கம், ஆப்பிள் சீசனில் காஷ்மீர் வரை போய் வந்தவர். அங்கே விடியலில் டீசல் டேங்குக்கு அடியில் விறகைக் கொளுத்தி வைத்து இளக்குவார்கள் என்று சொல்லியிருக்கிறார். லடாக் குளிருக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலையே இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. அந்த ஊர்க் கதையைக் கேட்டுவிட்டு இங்கே என்ஜினுக்கு அடியில் கரி அடுப்பு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயில் கசிவு, பெட்ரோல் பைப், ஒயர் எல்லாம் இருக்கிற இடம் அது. நம் 12 டிகிரிக்கு நெருப்பு தேவையே இல்லை.

கடைசியாக, டவுனுக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள். உங்கள் வண்டி குளிர்காலம் முழுக்க ஒருநாள்கூட முழுசாகச் சூடாகியிருக்காது. உள்ளே சேர்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியே போக வழியே கிடைக்காது. பிஎஸ்6 டீசல் என்றால் புகைப்போக்கியில் இருக்கிற வடிகட்டியில் கரி சேர்ந்து விளக்கு எரியத் தொடங்கும். வாரம் ஒருமுறை ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு சேலம் வரை போய் வாருங்கள். திரும்பி ஏறும்போது அந்த ஏற்றம் முழுக்க என்ஜின் நல்ல சூட்டில் உழைக்கும், உள்ளே தேங்கியதெல்லாம் வெளியேறும். போக முடியாதவர்கள் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயிலை இரண்டு வருடம் விடாமல், கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கு என்று தனியாகப் போட்டிருக்கிற கணக்குப்படி, காப்பி சீசன் முடிந்ததும் பிப்ரவரி கடைசியில் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.